மக்களின் மகிழ்ச்சிக்கு யார் கூலி கொடுத்தது?

கரிஞ்சாவைப் பற்றி எழுத உட்காருகிற எவரும் மூன்று கதைகளைச் சொல்லாமல் எழும்புவதில்லை. 1958இல் சுவீடனில் ஆசைப்பட்டு ஒரு வானொலிப்பெட்டி வாங்கினாராம். அணிக்கு உடம்பு பிடித்துவிடுகிறவர், "இது சுவீடன் பாஷை மட்டும்தானே பேசுது, ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்க, பாதி விலைக்கு அவரிடமே கொடுத்துவிட்டாராம். அதே சுவீடனில், பயிற்சியாளர் ஃபியோலா சோவியத் அணியை எப்படி உடைப்பது என்று பலகையில் கோடு கீறி விளக்கி முடித்ததும், "எல்லாம் சரி, இதை ரஷ்யர்களோடும் கதைத்து ஒழுங்குபண்ணிவிட்டீர்களா?" என்றாராம். தன்னைத் தடுக்க நிற்கிறவர் யார் என்று ஒருநாளும் கேட்கமாட்டாராம். அவருக்கு எல்லோரும் 'ஜொவாவ்' தானாம், நாங்கள் குப்பன் சுப்பன் என்பதுபோல.

'ஆம்', 'ஆம்' என்று முடிகிற அந்த விகுதியைக் கவனியுங்கள். தமிழில் அது பெரிய வசதி. சொல்வதைச் சொல்லிவிடலாம், பொறுப்பு ஏற்கத் தேவையில்லை.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவை புனைவு. 1995இல் வெளியான தன்னுடைய வாழ்க்கை வரலாற்று நூலில் ருய் காஸ்ட்ரோ இவற்றின் ஊற்றுக்கண்ணைத் தேடிப்போகிறார். போய்ச் சேருமிடம் சாண்ட்ரோ மொரேரா என்ற பத்திரிகையாளர். கரிஞ்சாவின் நண்பர், பொட்டாஃபோகோ கழகத்தின் தீவிர ரசிகர், நல்ல கதைசொல்லி. நண்பனைப் பற்றி வேடிக்கையாக எழுதினார். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். பிறகு உலகம் முழுவதும் எழுதியது. காஸ்ட்ரோவின் நூல் வந்து முப்பது வருடமாகிறது. கதைகள் இன்னும் நின்றபாடில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலகக் கிண்ணம் வரும்போது நம்மவர்களும் எடுவார்டோ கலியானோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு 'கோணற்கால் தேவதை', 'தெய்வீகக் குழந்தை', 'காசின் பெறுமதி அறியாத பறவை' என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

என் சண்டை இந்தப் பறவையோடுதான். கரிஞ்சா என்பது ஒரு சின்னஞ்சிறு குருவியின் பெயர், அக்கா வைத்த பட்டப்பெயர், எல்லாம் சரி. ஆனால் ஒருவனை வெகுளி என்று கொண்டாடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வெகுளி கணக்குக் கேட்கமாட்டான். கேட்டாலும், "உனக்கேன் இந்தக் காசுத் தொல்லை, நீ விளையாடு" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடலாம்.

மனுவல் பிரான்சிஸ்கோ டொஸ் சாந்தோஸ் 1933 ஒக்ரோபரில் பிறந்த பாவ் கிராண்டே, றியோ டி ஜனைரோ மாநிலத்தில் ஒரு ஆலையூர். அமெரிக்கா ஃபப்ரில் என்ற நெசவாலைதான் அந்த ஊர். குடியிருக்கும் வீடு ஆலையினுடையது, வேலை ஆலையினுடையது, உதைபந்துக் கழகமும் ஆலையினுடையது. பதினான்கு வயதில் உள்ளே போனார். வேலையில் படுமோசம், ஒருமுறை நிறுத்தியேவிட்டார்கள். பிறகு திரும்ப எடுத்ததற்குக் காரணம், ஆலை அணிக்கு வலது ஓரத்தில் ஆள் வேண்டியிருந்தது. அவருடைய முழு வாழ்க்கைக்கும் அந்த ஒப்பந்தம்தான் மாதிரி: விளையாடும்வரை கூரை உண்டு.

1953இல் பொட்டாஃபோகோவில் தேர்வுப் பயிற்சி. எதிரே நின்றவர் பிறேசில் அணியின் இடது பின்கள ஆட்டக்காரர் நில்டன் சாந்தோஸ். கரிஞ்சா அவரைக் கடந்து போன விதத்தைப் பார்த்து, "இவனை உடனே எடுங்கள், எதிரணியில் இவன் நிற்பதை நான் விரும்பவில்லை" என்ற பொருள்பட நில்டன் சாந்தோஸே சொன்னார் என்பது பரவலாக அறிந்த செய்தி. இது நம்பக்கூடியது. தன் தொழிலின் ஆபத்தை ஒரு தொழிலாளி உடனே கண்டுகொள்வான்.

அதன்பின் பன்னிரண்டு வருடம். 1957, 1961, 1962 என்று மூன்று றியோ சாம்பியன் பட்டங்கள். அந்த வருடங்களில் பொட்டாஃபோகோவின் பெரிய வருமானம் வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்கள். மெக்சிக்கோ, ஐரோப்பா, தென்னமெரிக்கா என்று ஒரு சர்க்கஸ் கொம்பனி போலப் போனார்கள். கரிஞ்சா விளையாடுவார் என்றால் ஆட்டத்துக்கு ஒரு தொகை, இல்லையென்றால் வேறு தொகை. அதனால் அவர் விளையாடியே ஆகவேண்டும். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து வீங்கியது. நீரை உறிஞ்சி எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், இறக்கினார்கள். அறுவைச் சிகிச்சை நடந்தது 1964இல். செய்த வைத்தியர் பொட்டாஃபோகோவைச் சேர்ந்தவர்கூட அல்லர். அதற்குள் காலின் கதை முடிந்திருந்தது. இவ்வளவுக்கும், தொகை எழுதாத வெற்று ஒப்பந்தங்களில் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்துவந்தார். எண்ணைக் கழகம் பிறகு நிரப்பிக்கொள்ளும்.

"பார்த்தீர்களா, எவ்வளவு அப்பாவி!" என்கிறார்கள். நான் கேட்பது, வெற்றுத் தாளை நீட்டியவரைப் பற்றி ஏன் ஒருவரும் ஒரு பெயரடைகூடச் சொல்வதில்லை என்பதுதான்.

வெற்றுத் தாளைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அன்றைய பிறேசிலில் 'பாஸே' என்றொரு முறை. ஒரு ஆட்டக்காரரின் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவருடைய உரிமை கழகத்திடமே இருக்கும். கழகம் விற்றால்தான் அவர் வேறிடம் போகலாம். விற்காவிட்டால் வீட்டில் இருக்கலாம். நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகன். மேற்படிப்பு முடித்த கையோடு சேர்ந்த முதல் நிறுவனம், என்னை ஒரு வங்கிக்கு அனுப்பி மணித்தியாலத்துக்கு வாங்கிய தொகைக்கும் எனக்குத் தந்த தொகைக்கும் உள்ள இடைவெளி எனக்குத் தெரியவந்தபோது மூன்று வருடம் கழிந்திருந்தது. விசா அவர்கள் கையில். எனக்குக் கணக்குத் தெரியும், முதுகலைப் பட்டமும் இருந்தது. இருந்தும் வாய்திறக்கவில்லை. இதை வாசிப்பவர்களில் பலருக்கு இது புதிய செய்தியாக இராது. ஆகவே கையெழுத்திடுகிறவன் அப்பாவியாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வேறு கதவு இல்லாமல் இருந்தால் போதும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். அவருடைய மூளையைப் பற்றிய இழிவு அங்கேதான் அதிகம்.

1958 உலகக் கிண்ணத்துக்கு முன் பிறேசில் அணி ஜொவாவ் கார்வல்யாயெஸ் என்ற உளவியலாளரை அழைத்துச் சென்றது. அவர் சாவோ பவுலோவில் பஸ் சாரதிகளுக்கு ஆள்தெரிவுச் சோதனை நடத்திய அனுபவமுள்ளவர். கரிஞ்சாவுக்குச் சோதனையில் 123க்கு 38. பஸ் ஓட்டவே காணாது. இவரையும், பதினேழு வயதுப் பெலேயையும் இறக்கவேண்டாம் என்று அறிக்கை கொடுத்தார். ஃபியோலா அதை ஒதுக்கிவைத்தது உலகத்தின் நல்ல காலம். ஜூன் 15, கோத்தன்பேர்க், எதிரே சோவியத் யூனியன். முதல் நிமிடத்திலேயே கரிஞ்சா வலது ஓரத்தில் பின்கள ஆட்டக்காரரைத் தாண்டி அடித்த பந்து கம்பத்தில் மோதியது. அடுத்துப் பெலே அடித்ததும் கம்பத்தில். மூன்றாவது நிமிடத்தில் வாவா கோல் போட்டார். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கப்ரியேல் அனோ, உதைபந்தாட்ட வரலாற்றிலேயே மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் என்று அதை வர்ணித்தார்.

இறுதியாட்டத்தில் சுவீடன் முதலில் கோல் போட்டது. பிறகு நடந்ததை யாரும் இப்போது ஒளிப்பதிவில் பார்க்கலாம். கரிஞ்சா வலது ஓரத்தில் வெளிப்பக்கமாகக் கடந்துபோய்த் தாழ்வாகக் குறுக்கே அனுப்புகிறார், வாவா உள்ளே தள்ளுகிறார். இருபத்துச் சொச்சம் நிமிடங்களுக்குப் பிறகு அதே இடம், அதே ஓட்டம், அதே குறுக்கு அடி, அதே வாவா. ஒரே பூட்டை ஒரே சாவியால் இரண்டு தடவை திறந்திருக்கிறார். இதைத் தற்செயல் என்றோ குழந்தையின் விளையாட்டு என்றோ யாராவது சொன்னால், ஒரு ஆட்டத்தையாவது அவர் முழுதாகப் பார்த்திருக்கிறாரா என்று சந்தேகிக்கிறேன்.

அவருடைய அந்த ஒரே வித்தையை ஊருலகமே அறிந்திருந்தது. பந்தை அசையாமல் நிறுத்துவார். தடுப்பவரும் நிற்பார். உடம்பு இடது பக்கம் சாயும். பந்து நின்ற இடத்தில் நிற்கும். மறுபடி சாயும். தடுப்பவருக்கு இவர் வலது பக்கம்தான் போவார் என்று தெரியும், போன வாரம் அப்படித்தான் போனார், போன வருடமும் அப்படித்தான். ஆனாலும் இடது பக்கம் சாயும் உடம்பைக் கண் நம்பிவிடுகிறது. அரைக் கணம் பாரம் தவறான காலுக்கு மாறுகிறது. அந்த அரைக் கணத்தில் கரிஞ்சா போய்விடுவார், முதல் சில மீற்றர்களில் அவரைப் பிடிக்க ஆளில்லை. சிலவேளை பந்தை விட்டுவிட்டு அவர் மட்டும் ஓடுவார், தடுப்பவரும் கூடவே ஓடுவார், பந்து தனியே கிடக்கும், அரங்கம் சிரிக்கும். ஒரு கால் உள்ளே வளைந்து மற்றது வெளியே வளைந்து, ஒன்று மற்றதைவிட ஆறு சென்ரிமீற்றர் குட்டை என்பதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. கோணற்கால் ஆயிரம் பேருக்கு இருக்கிறது. எதிரே நிற்பவன் மனதில் எப்போது ஐயம் முற்றுகிறது என்று அளக்கிற கண் எத்தனை பேருக்கு இருக்கிறது? 1958 தொடக்கத்தில் மெக்சிக்கோ நகரில் றிவர் பிளேட்டோடு நடந்த ஆட்டத்தில் அவர் வைரோ என்ற பின்கள ஆட்டக்காரரைக் கடக்கும்போதெல்லாம் கூட்டம் காளைச்சண்டையில் கத்துவதுபோல "ஓலே" என்று கத்தியது. மைதானங்களில் இன்று கேட்கும் அந்தக் கூச்சல் அங்கே தொடங்கியது என்கிறார்கள்.

1962, சிலி. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயப்பட்டு வெளியேறினார். அதுவரை ஓரத்தில் நின்றவர் நடுவுக்கு வந்தார். இங்கிலாந்துக்கெதிராக வினா டெல் மாரில் ஒரு கோல் தலையால். உயரம் ஐந்தரை அடிதான் என்பதை மறக்கவேண்டாம். இன்னொன்று தூரத்திலிருந்து வளைத்து. இடையில் அவர் அடித்த பந்து காப்பாளர் மேல் பட்டுத் திரும்ப, வாவா முடித்துவைத்தார். (அந்த ஆட்டத்தில் மைதானத்துக்குள் புகுந்த நாயைப் பிடித்த ஜிம்மி கிறீவ்ஸின் சட்டையை அது நனைத்த கதை உண்மை.) அரையிறுதியில் சிலிக்கெதிராக ஒன்று இடது காலால், ஒன்று தலையால். பெலே இல்லாதபோது என்னென்ன குறையும் என்று பார்த்து, குறைவதையெல்லாம் தானே செய்திருக்கிறார். அதற்கு நான் அறிந்த சொல் புத்தி. அந்த ஆட்டத்தின் இறுதியில், நெடுநேரம் உதைவாங்கியபின் ஒருவரைத் திருப்பி உதைத்து வெளியேற்றப்பட்டார். சாட்சி சொல்லவேண்டிய கோட்டு நடுவர் நாட்டைவிட்டே போய்விட்டதால் இறுதியாட்டத்தில் விளையாட விட்டார்கள். காய்ச்சலோடு விளையாடினார். கிண்ணம் வந்தது. குவனபாரா ஆளுநர் கார்லோஸ் லசெர்டா அவருக்கு ஒரு மைனாவைப் பரிசளித்தார்.

சிலியின் எல் மெர்க்கூரியோ பத்திரிகை அப்போது, கரிஞ்சா எந்தக் கிரகத்திலிருந்து வந்தவர் என்று தலைப்பிட்டுக் கேட்டது. பாராட்டுத்தான். இதே கேள்வியை ஏறத்தாழப் பத்து வருடம் முன்பு றியோவில் ஒரு இளம்பெண்ணிடமும் கேட்டிருந்தார்கள். வானொலிப் பாட்டுப் போட்டியொன்றில் ஊசிகுத்திச் சுருக்கிய பெரிய உடுப்போடு வந்து நின்ற சேரிப் பெண்ணைப் பார்த்து, புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆறி பரோசோ, சபை சிரிக்க, "நீ எந்தக் கிரகத்திலிருந்து வருகிறாய்?" என்றார். அவள் சொன்ன பதில்: "நீங்கள் வந்த அதே கிரகத்திலிருந்துதான். பசிக் கிரகம்." அவள் எல்சா சொவாரெஸ். பின்னாளில் கரிஞ்சாவோடு வாழ்ந்தவர்.

பிறேசில் அவரை என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் கரிஞ்சாவின் 'மக்கள் செல்வாக்கை' பற்றிப் பேசுவது பொய். கரிஞ்சா மனைவியையும் எட்டுப் பெண்பிள்ளைகளையும் விட்டு எல்சாவிடம் போனார். பழி எல்சாவுக்கு. குடும்பம் கெடுத்தவள், காசுக்காக வந்தவள், கால் கெட்டதற்கும் அவளே காரணம். கரிஞ்சா கழகத்திடம் கூடுதல் சம்பளம் கேட்கத் தொடங்கியது அவர் வந்த பிறகு என்பதுதான் உண்மையான குற்றம் என்று நினைக்கிறேன். வெகுளிக்குப் பக்கத்தில் கணக்குத் தெரிந்த ஒருத்தி வந்து இருந்துவிட்டாள். அதுவும் கறுப்பி, அதுவும் சேரியிலிருந்து வந்தவள். எந்த நாட்டில் பொறுப்பார்கள்?

கரிஞ்சாவை நான் வெள்ளையடிக்கவில்லை. குடித்தார். 1969இல் அவர் ஓட்டிப்போன கார் விபத்தில் எல்சாவின் தாயார் இறந்தார். எல்சாவை அடித்தார், 1977இல் எல்சா வெளியேறினார். பாவ் கிராண்டேயில் விட்டுவந்த பிள்ளைகள் வறுமையில் வளர்ந்தார்கள். வெகுளிக் கதை இந்த இடத்திலும் அவருக்கு உதவிசெய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். குழந்தை என்றால் குழந்தைக்குக் குற்றமில்லை. அவரை வளர்ந்த மனிதராக மதிப்பதென்றால் அவருக்குரிய கூலியையும் கேட்கவேண்டும், அவர் செய்த கொடுமையையும் அவர் பெயரிலேயே எழுதவேண்டும்.

இனி அந்தச் செல்வாக்கு. 1966 உலகக் கிண்ணத்தில் கெட்ட முழங்காலோடு கொண்டுபோனார்கள். லிவர்பூலில் ஹங்கேரியிடம் 3–1 தோல்வி. பிறேசிலுக்காக அவர் ஆடிய 50 ஆட்டங்களில் தோற்றது அது ஒன்றுதான், கடைசி ஆட்டமும் அதுதான். அவரும் பெலேயும் சேர்ந்து இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிறேசில் தோற்றதில்லை. 1973 டிசம்பரில் மரக்கானாவில் விடைகொடுக்கும் ஆட்டம் வைத்தபோது ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் சனம் வந்தது. 1980 கார்னிவலில் மாங்கேய்ரா சம்பா அணியின் ஊர்தியில் அவரை உட்காரவைத்தார்கள். மருந்து மயக்கத்தில், எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்போலக் கைகூட அசைக்காமல் இருந்தார்; நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. 1983 ஜனவரி 20 இறந்தார், நாற்பத்தொன்பது வயது. மரக்கானாவில் உடலை வைத்துவிட்டுத் தீயணைப்பு வண்டியில் பாவ் கிராண்டேக்குக் கொண்டுபோனார்கள். வழிநெடுகச் சனம். கல்லறையில் 'மக்களின் மகிழ்ச்சி' என்று எழுதினார்கள்.

தலைநகர் பிறசீலியாவில் அரங்கத்துக்கு அவர் பெயர். 2014 உலகக் கிண்ணத்துக்காக அதை இடித்துக் கட்டினார்கள்; உலகத்தின் மிகச் செலவான உதைபந்து அரங்குகளில் ஒன்று. முதற்தரக் கழகம் ஒன்றும் இல்லாத நகரத்தில். 2017இல் அந்தக் கட்டுமான ஊழலுக்காக முன்னாள் ஆளுநர்கள் இருவர் கைதானார்கள். அதே 2017இல், மாஜே மாநகரசபை அவரைக் கௌரவிக்க விரும்பிக் கல்லறையை விசாரித்தபோது, அவருடைய எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று மயானத்தாரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதற்கு நான் உவமை தேடத் தேவையில்லை.

காஸ்ட்ரோவின் நூலை எதிர்த்து மகள்மார் வழக்குப் போட்டார்கள். சிலகாலம் நூல் விற்பனைக்கே இல்லாமலிருந்தது. கடைசியில் நட்டஈடு கிடைத்தது. நல்ல நூலொன்றுக்கு இந்தக் கதி வந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்தக் குடும்பத்திலிருந்து யாரோ ஒருமுறை கணக்குக் கேட்டார்கள் என்பதில் இரகசியமாக ஒரு திருப்தியும் உண்டு.

"பெலேயை மதிக்கிறார்கள், கரிஞ்சாவை நேசிக்கிறார்கள்" என்று ஒரு வாசகம் நம் பக்கத்திலும் புழங்குகிறது. பெலே கணக்குப் பார்ப்பவர், விளம்பரத்தில் நடித்தவர், சர்வாதிகாரிகள் முன் வாய்மூடி நின்றவர். கரிஞ்சா மண்ணின் மகன். பெலேயின் மௌனத்தை நானும் மன்னிப்பதில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டில் எதை நேசிக்கிறோம் என்று பார்த்தால், கூலி கேட்காதவனை நேசிக்கிறோம். கேட்டவன் நமக்குக் கொஞ்சம் கசக்கிறான். பெலேயும் இளவயதில் நம்பிக் காசைக் கொடுத்து ஏமாந்தவர்தான். அதன்பிறகு பார்த்து நடந்தார். 1995இல் விளையாட்டுத்துறை அமைச்சரானார். 1998இல் அவர் பெயரால் வந்த சட்டம்தான் பாஸே முறையை ஒழித்தது. அந்தப் பகுதி 2001இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரர் தன் காலோடு எங்கும் போகலாம். கழகங்கள் அந்தச் சட்டத்தைக் கடைசிவரை எதிர்த்தன. உதைபந்து அழிந்துவிடும் என்றன.